வலது கையின் அளவு

முதல் தேர்வில் தோற்றபோது துப்பாக்கியக்கா பழியைத் துப்பாக்கியின் மேல் போட்டாள். குறி பார்க்கும் முள் கோணல், விசை இறுக்கம், எண்ணெய் போட்டவனுக்குக் கை சுத்தமில்லை என்று ஏழெட்டுக் காரணம் சொன்னாள். இரண்டாவது தேர்வில் புத்தம் புதுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். அதிலும் தோற்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தையே மாற்றிக் கொடுத்த பிறகு என்னவென்று சொல்வது? அப்போதுதான் தன் வலது தோளைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்கு வேலை நகை வண்டியில். பட்டறையில் செய்த நகைகளைப் பூட்டிய பெட்டிகளில் கடைகளுக்குக் கொண்டுபோகிற இரும்பு வண்டி அது. முன்னால் ஓட்டுநர், அவர் பக்கத்தில் இடுப்பில் துப்பாக்கியோடு அக்கா. பதினோரு வருடமாக அதே இருக்கை. இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு காக்கையை நோக்கிக்கூட அவள் துப்பாக்கியை எடுத்ததில்லை. ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்தபடி ஊரையே படித்து வைத்திருந்தாள். எந்தக் கடைக்காரர் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வருகிறார் என்பது அவர் கதவைத் தூக்குகிற சத்தத்திலேயே தெரியும். எந்த மாடியில் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறது என்பது காயப்போட்ட துணியில் தெரியும். ஓட்டுநர் சுருதி சேராமல் பாடிக்கொண்டே ஓட்டுவார், அக்கா தாளம் போடுவாள். தெருவில் எல்லோரும் துப்பாக்கியக்கா என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடும்போது ஒரு அங்குலம் உயர்ந்துதான் நடப்பாள்.

வண்டிக் காவலர்களுக்குக் கம்பெனி வருடா வருடம் சுடும் தேர்வு வைக்கும். முப்பது தோட்டா. முதல் இருபதை இரண்டு கையாலும் பிடித்துச் சுடலாம். கடைசிப் பத்தை ஒற்றைக் கையால் சுட வேண்டும். ஏனென்றால் இடது கையில் நகைப் பெட்டி இருக்கும் என்பது கம்பெனியின் கணக்கு. ஆபத்து வந்ததும் காவலர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டா சுடுவார்? அதனால் தேர்விலும் மணல் நிரப்பிய நாலு கிலோ பெட்டி ஒன்றை இடது கையில் தொங்க விடுவார்கள். பெட்டி தரையைத் தொட்டால் அத்தோடு தேர்வு முடிந்தது. ஐந்து நிமிடம், பத்துத் தோட்டா, அதில் குறைந்தது ஏழு வட்டத்துக்குள் விழ வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவின் வலது தோள் பிடித்துக்கொண்டது. ஏழு மாதம் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. அத்தனை நாளும் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டது கணவர்தான். அவர் தையல்காரர். அவர் போட்ட சடை சட்டைத் தையல் மாதிரி ஒரு நூல் பிசகாமல் நேராக இருக்கும். அப்புறம் வலி போய்விட்டது, போகும்போது தோளில் இருந்த வலுவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டு கையாலும் சுடும்போது ஒன்றும் தெரியாது. ஒற்றைக் கையால் ஐந்தாறு தோட்டா போனதும் துப்பாக்கியின் முனை, பண்டத்தைச் சுற்றுகிற ஈ மாதிரி வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வரும். முதல் தேர்வில் ஐந்து விழுந்தது. இரண்டாவதில் நாலு.

மூன்று மாதம் கழித்துக் கடைசி வாய்ப்பு என்று கடிதம் வந்தது. அதிலும் தவறினால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுக் கேமரா அறைக்குப் போக வேண்டும். ஜன்னல் இல்லாத அறை, பதினாறு திரை, ஒரு சுழல் நாற்காலி. மேலாளர் நல்ல மனிதர். சம்பளம் குறையாது, வெயில் படாது, உட்கார்ந்தே இருக்கலாம் என்று ஒவ்வொரு விரலாக மடக்கி ஆறுதல் சொன்னார். ஊரையே கண்ணாடி வழியாகப் பார்த்தவளைக் கொண்டுபோய்ப் பதினாறு நடைபாதைகளைப் பார்க்க வைத்தால் எப்படி இருக்கும்? அன்றைக்கு வண்டியில் ஓட்டுநர் பாடவில்லை. அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

விஷயம் வீட்டுக்கு வந்ததும் முதலில் கச்சை கட்டிக்கொண்டு இறங்கியவள் நாத்தனார். தையல்காரரின் தங்கை, மாடியில் குடியிருந்தாள். எலும்பு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. பதினைந்து வருடம் டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்ததில் பாதி டாக்டர் ஆகியிருந்தாள். மீதிப் பாதியைத் தைரியத்தால் நிரப்பிக்கொண்டாள். ஆனாலும் இந்தத் தடவை பொறுப்பாக, ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தருகிறவரிடம் கேட்டு, ஒரு சீட்டின் பின்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தாள்.

அதன்படி, ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டிலும் தோட்டா போட்ட துப்பாக்கியும் கிட்டத்தட்ட ஒரே எடை. பாட்டிலைக் கழுத்தில் பிடித்து, கையை நேராக நீட்டி, கண் மட்டத்துக்குத் தூக்கி, எட்டு எண்ணும் வரை நிறுத்தி, இறக்க வேண்டும். அப்படி இருபது முறை. பிறகு சுவரில் கைகளை ஊன்றிச் சாய்ந்து நிமிர வேண்டும். பிறகு ஜன்னல் கம்பியில் ரப்பர் நாடாவைக் கட்டி முழங்கையைப் பின்னால் இழுக்க வேண்டும். கையைத் தூக்குவதுதான் தோளின் முன்பக்கத்து வேலையாம், தூக்கிய கையை ஆடாமல் பிடித்து நிறுத்துவது பின்பக்கமாம். நாத்தனார் இதையெல்லாம் தானே கண்டுபிடித்ததைப் போலச் சொன்னாள்.

ரப்பர் நாடாவுக்குத் தையல்காரர் எங்கும் போகவில்லை. வீட்டின் முன்னறைதான் அவர் கடை. பாவாடை இடுப்புக்கு வைக்கிற இலாஸ்டிக்கை மூன்று மடிப்பாக மடித்து, இரண்டு முனையிலும் காது வைத்துத் தைத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் ஒரு காது பிய்ந்துகொண்டு, நாடா பறந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தை அடித்தது. கடிகாரம் நாலு பத்தில் நின்றுவிட்டது. பெண்டாட்டி குறி தவறாமல் அடித்த முதல் அடி என்று அவர் சொன்னார். அடுத்த நாடாவை நாலு தையல் போட்டுத் தைத்தார்.

அக்காவுக்கு ஒன்றே ஒன்றுதான் பிடிக்கவில்லை. நடுக்கம் வந்தால் இறக்கிவிட வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அவளுக்கு இறக்குவது என்றால் தோற்பது. பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் சிவக்க, பாட்டிலுக்குள் தண்ணீர் அலையடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாத்தனார் மாடிப்படியில் இருந்தே கத்துவாள்.

"அண்ணி, இறக்குங்க. நடுங்கற கையைப் பிடிச்சு வச்சா நடுங்கறதுக்குத்தான் பழகும். இறக்கிட்டு மறுபடி தூக்கறதுக்குத்தான் வலு வேணும்."

அக்கா இறக்குவாள். ஆனால் தோற்றுப்போனவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இறக்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தையல்காரர் அவள் வலது கையின் மேல்பகுதியை நாடாவால் அளந்து, கடைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினார். முதல் வாரம் பத்தேகால் அங்குலம். இரண்டாவது வாரம் பத்தேகால். மூன்றாவது, நாலாவது, அதே பத்தேகால். ஐந்தாவது ஞாயிறு காலை அக்கா பாட்டிலை மூலையில் வைத்துவிட்டு, துணி வெட்டுகிற மேஜை மேல் ஏறி உட்கார்ந்தாள். கல்லில் நார் உரிக்கிற வேலை இது என்றாள். சுழல் நாற்காலி முதுகுக்கு நல்லதாமே என்றும் சொன்னாள். அதைச் சொல்லிக்கொண்டே சுவரில் இருந்த நாலு பத்தேகாலையும் பார்த்தாள்.

"விட்டுடலாமாங்க?"

தையல்காரர் அவள் கையில் நாடாவைச் சுற்றினார். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"பத்தரை," என்றார்.

அக்கா மேஜையில் இருந்து குதித்தாள். அவர் சுவரில் எழுதிவிட்டு, நாடாவைச் சுருட்டியபடி, யாருக்கோ பொத்தான் தைக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சீருடை போடும்போது சட்டையின் வலது கை இறுகிப் பிடித்தது. நேற்று வரைக்கும் தொளதொளவென்று இருந்த முழுக்கைச் சட்டை. அக்கா கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். வண்டியில் ஏறியதும் ஓட்டுநரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் ஒரு விரலால் மரியாதையாகத் தொட்டுவிட்டு, இரும்பு அக்கா, இரும்பு என்றார். அன்றைக்குப் பாட்டு திரும்பி வந்தது. சுருதி வரவில்லை, அது எப்போதும் வந்ததில்லை.

அதன் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. ஆறாவது வாரம் தண்ணீர் பாட்டில் ஓய்வுபெற்றது, இஸ்திரிப் பெட்டி பதவியேற்றது. இரண்டு கிலோ. அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கடையில் சட்டை மாட்டி நிறுத்தியிருந்த பொம்மையின் இரண்டாவது பொத்தானைக் குறி பார்ப்பாள். கால்சட்டை வாங்க வந்த ஒருவர், ஒரு பெண் இஸ்திரிப் பெட்டியைக் காட்டிப் பொம்மையை மிரட்டுவதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று வாசலோடு திரும்பிவிட்டார். சுவரில் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. பத்தேமுக்கால், பதினொன்று, பதினொன்றேகால். எட்டாவது வாரம் சட்டைக் கை இன்னும் ஒரு சுற்று இறுகியது. அக்கா அதை ஊர் முழுக்கக் காட்டினாள்.

கம்பெனியில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சுட்டுப் பழக விடுவார்கள். பழகுவதற்குச் சீருடை வேண்டாம் என்பதால் கணவரின் பழைய அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவாள். ஒற்றைக் கையில் முதலில் ஐந்து விழுந்தது, அப்புறம் ஆறு, கடைசித் தடவை எட்டு. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தன் தோளில் அம்மி நகர்வதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற காலம் வந்து, தையல்காரர் நூற்றுப் பத்துக் கால்சட்டைகளுக்குள் புதைந்துபோனார். ஞாயிறு அளவு மட்டும் தவறவில்லை. கடைசி ஞாயிறு சுவரில் பதினொன்றரை ஏறியது.

தேர்வு நாளன்று அவள் விடியும் முன்பே கிளம்பிவிட்டாள். தையல்காரர் மிஷின் மேலேயே தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லை. சுவரில் இருந்த பதினொன்றரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அவர் முழங்கைக்குக் கீழே கிடந்த கத்தரிக்கோலை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

சுடும் இடம் கம்பெனிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. நீளமான அறை, கோடியில் மணல் மூட்டைச் சுவர், அதன் முன்னால் காகிதத்தில் வட்டம். தேர்வு எடுக்கிற அதிகாரியை எல்லோரும் ஸ்டாப்வாட்ச் என்பார்கள். கழுத்தில் அது தொங்காமல் அவரைப் பார்த்தவர் இல்லை, சிரித்துப் பார்த்தவரும் இல்லை. கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டினார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓட்டுநர் நின்றார். வேலை நேரத்தில் அங்கே வரக் கூடாதுதான், வண்டிக்குக் காற்று அடிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார். அடித்தளத்தில் காற்று அடிக்கிற இடம் எதுவும் இல்லை.

முதல் இருபது தோட்டா ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. இரண்டு கையும் உடம்புக்கு நேரே இருந்ததால் சட்டை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஸ்டாப்வாட்ச் மணல் பெட்டியை அவள் இடது கையில் கொடுத்தார். காதுமூடியைச் சரிசெய்தார். கடிகாரப் பொத்தானை அழுத்தினார்.

அக்கா பக்கவாட்டில் திரும்பி, வலது கையை முழுக்க நீட்டித் தூக்கினாள். அக்குளில் ஏதோ பிடித்து இழுத்தது. முதல் தோட்டா உள்ளே, இரண்டாவது வெளியே. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் யாரோ பின்னால் நின்று முழங்கையைக் கீழே இழுப்பது போல இருந்தது. மூன்றாவது உள்ளே, நாலாவது வெளியே, ஐந்தாவது உள்ளே. ஆறாவதில் முனை வட்டத்தைச் சுற்ற ஆரம்பித்தது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து வைத்தாள், பிடித்து வைக்கப் பிடித்து வைக்க ஆட்டம் அதிகமாயிற்று. அதுவும் வெளியே போனது. மூன்று உள்ளே, மூன்று வெளியே. மீதி இருந்த நாலும் விழுந்தாக வேண்டும். பதினாறு திரைகளும் ஒரு சுழல் நாற்காலியும் அவள் கண்முன்னால் வந்து நின்றன. பழைய தோள்தான், ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தாள். அந்தக் கோபத்தில் கையை வெடுக்கென்று தூக்கினாள்.

டர்ர்ர் என்று ஒரு சத்தம். காதுமூடியையும் தாண்டிக் கேட்டது.

விசையில் இருந்து விரலை எடுத்து, துப்பாக்கியை முன்னால் இருந்த பலகைக்கு இறக்கி, அக்கா குனிந்து பார்த்தாள். சட்டைக் கையின் அடித்தையல் அக்குளில் இருந்து முழங்கை வரை பிரிந்து, துணி வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. உள்பக்கம் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் தையல்காரரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு தையலைப் பார்த்தால் அதன் ஜாதகமே தெரிந்துவிடும். பிரிந்த தையலுக்கு வெளியே, விரல் அகலம் தள்ளி, இன்னொரு தையல் ஓடி மறைந்த ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. அதற்கும் அப்பால் இன்னொரு வரிசை. வெளியே இருந்து வெயிலில் வெளுத்த துணி, இப்போது உள்ளே மடிந்து கிடந்தது. சட்டைக் கையை உள்ளே பிடித்துச் சிறிதாக்கியிருக்கிறார்கள். ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

கை பெருத்ததால் சட்டை இறுகவில்லை. கை பெருத்ததாக நம்ப வைக்கச் சட்டையை இறுக்கியிருக்கிறார். அப்படியானால் சுவரில் இருந்த பத்தரை? பதினொன்று? பதினொன்றரை? மூன்று மாதமும் பொய்யா? இந்தக் கையில் ஒன்றுமே இல்லையா என்று நினைத்தாள்.

அப்புறம்தான் பிரிந்து தொங்குகிற நூலைப் பார்த்தாள். கால்சட்டைக்குப் போடுகிற முரட்டு நூல், நெருக்கித் தைத்த இரட்டைத் தையல். அந்த இலாஸ்டிக் காதைத் தவிர, அந்த மனுஷர் எதைத் தைத்தாலும் அது பிரிந்ததாகச் சரித்திரம் கிடையாது. அதைத்தான் இந்தக் கை இப்போது கிழித்திருக்கிறது. ஒன்றுமே இல்லாத கையா கிழித்தது? திருட்டுத்தனமாக உட்கார்ந்து, பெண்டாட்டி சட்டையைப் பிரித்து, மறுபடி தைத்து, ஒன்றும் தெரியாத பூனை மாதிரி மடித்து வைத்திருக்கிற முகத்தை நினைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றில் இருந்து கிளம்பித் தோளைக் குலுக்குகிற சிரிப்பு. இடது கையில் மணல் பெட்டி குலுங்கியது. ஸ்டாப்வாட்ச் நெருங்கி வந்து, இரண்டு நிமிடம் பத்து நொடி இருக்கிறது என்று விரலால் காட்டினார்.

கையைத் தூக்கினாள். இப்போது எதுவும் இழுக்கவில்லை. கிழிந்த சட்டைக்குள் கை காற்றாட ஏறியது. ஆனால் சிரிப்பு முனையை ஆட்டியது. பழைய அக்காவாக இருந்தால் பல்லைக் கடித்திருப்பாள். அவள் இறக்கினாள். மூச்சு விட்டாள். மறுபடி தூக்கினாள், மறுபடி சிரிப்பு, மறுபடி இறக்கினாள். மூன்றாவது தடவை தூக்கும்போதுதான் அவளுக்கே உறைத்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் இப்படி வீணாக ஒருமுறை தூக்கி இறக்கியிருந்தால் அத்தோடு கை செத்திருக்கும். இப்போது அது கிணற்று வாளி மாதிரி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. முனை வட்டத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது. சுட்டாள். உள்ளே.

எட்டாவது உள்ளே. ஒன்பதாவதுக்கு இரண்டு முறை இறக்கினாள், அதுவும் உள்ளே. பத்தாவதைத் தூக்கும்போது இருபது நொடி மிச்சம். சட்டைக் கை கொடி மாதிரி ஆடியது, கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது ஓரக்கண்ணில் பட்டது. முனை ஆடியது. இறக்கினாள். ஸ்டாப்வாட்ச்சின் புருவம் உயர்ந்தது. பத்து நொடி. ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா மூச்சை விட்டு, பெட்டியை இறுகப் பிடித்து, கடைசியாக ஒருமுறை கையைத் தூக்கினாள்.

ஸ்டாப்வாட்ச் காகிதத்தைக் கழற்றி, விளக்குக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பத்தாவது தோட்டா வட்டத்தின் கோட்டைத் தொட்டிருந்தது. தொட்டால் உள்ளே என்பது விதி. ஏழு என்று எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்.

"துப்பாக்கி உங்ககிட்டயே இருக்கட்டும். சட்டையை மட்டும் மாத்திக்கங்க."

பெட்டியைத் திறந்து கைப்பேசியை எடுத்தபோது வீட்டில் இருந்து பதினொரு அழைப்புகள் வந்திருந்தன. அக்கா திருப்பிக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் வேகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போனபோது தையல்காரர் கடை வாசலில் நின்றார். பக்கத்தில் நாத்தனார் நின்றாள், ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டிருந்தாள். அக்கா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உள்ளே போய், சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, கிழிந்த சீருடையை வெட்டுகிற மேஜை மேல் விரித்துப் போட்டாள். தையல்காரர் அதைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"தேர்வுக்கு முன்னாடி பிரிச்சு விட்டுடணும்னுதான் இருந்தேன். இந்தக் கால்சட்டை வேலையில மறந்துட்டேன். முழிச்சுப் பாத்தா நீ போயிட்டே," என்றார். கொஞ்ச நேரம் துணியையே தடவிக்கொண்டிருந்தார். "நாலு வாரம் ஒரு நூல்கூட ஏறலை. அஞ்சாவது வாரம் விட்டுடலாமான்னு கேட்டே. உன் முகத்தைப் பாத்துக்கிட்டுப் பத்தேகால்னு சொல்ல எனக்கு வாய் வரலை. என்னால உன் வேலை போயிடுச்சு."

அவர் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கு அதற்கு மேல் நடிக்க முடியவில்லை.

"போகலைங்க," என்றாள். "ஏழு."

நாத்தனார் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. தையல்காரர் அப்படியே மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் நிதானம் வந்ததும் அக்கா கேட்டாள், அப்படியானால் உண்மையான அளவு என்னவென்று இந்த வீட்டில் யாருக்காவது தெரியுமா? அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, வாடிக்கையாளர்களின் அளவு எழுதுகிற நீள நோட்டை எடுத்தார். ஒரு பக்கத்தின் தலைப்பில் வீட்டம்மா என்று இருந்தது. கீழே பன்னிரண்டு வாரமும் தேதியோடு இருந்தது. பத்தேகால் என்று ஆறு முறை. பிறகு பத்தேகாலும் ஒரு நூலும், நூல் என்றால் அரைக்கால் அங்குலம். பிறகு பத்தரை. கடைசியில் பத்தரையும் ஒரு நூலும்.

"சுவத்துல பொய் எழுதலாம்," என்றார் தையல்காரர். "அளவு நோட்டுல எழுதக் கூடாது. துணி வீணாப் போயிடும்."

அக்கா வலது கையை நீட்டினாள். அவர் நாடாவைச் சுற்றினார். எண்ணைப் படிக்க அவரை விடவில்லை, இனி அந்த வாயை நம்புவதற்கில்லை என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள். நாத்தனார் குனிந்து பார்த்து, சுவரையும் ஒருமுறை பார்த்து, தயங்கித் தயங்கிப் பத்தேமுக்கால் என்றாள்.

பத்தேமுக்கால். மூன்று மாதத்தில் அரை அங்குலம். அக்கா தன் கையைத் தானே தடவிப் பார்த்தாள். சுவரில் ஏறியதில் பாதிகூட இல்லை, ஆனால் இதில் ஒரு நூல்கூடப் பொய் இல்லை. இந்த அரை அங்குலம்தான் இரட்டைத் தையலைக் கிழித்தது, இதுதான் சிரிப்புக்கு நடுவில் ஒன்பது முறை ஏறி இறங்கியது. பதினொன்றரை வந்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்காது என்று தோன்றியது.

தையல்காரர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். பொய்களை அழித்துவிடுவதாக உத்தேசம். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி பலமாக இருந்தது, அவர் திரும்பிப் பார்த்தார்.

"அழிக்காதீங்க. அடுத்த தேர்வுக்குள்ள நான் அங்க வந்துடறேன்," என்றாள். "சட்டைக் கையை அந்தப் பதினொன்றரைக்கே தச்சுடுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முரட்டு நூலை எடுத்து ஊசியில் கோத்தார். அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்மைக்கு எதிரே போய் நின்றாள்.